சாலை நம்பிய சக்கரம்

2018 பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, சிலம்பாறையிலிருந்து ஒட்டம்பட்டி ரயில் நிலையத்துக்குப் போகும் இருபது கிலோமீட்டர் சாலையில் இருநூற்றைம்பது மீட்டர் குறைந்துபோனது. அந்த நேரத்தில் சைக்கிள் கடை கமாலுதீன், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் தமயந்தியின் பழைய டூரிங் சைக்கிளுக்குப் புது முன்சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

சாலை நெடுகிலும் சமமாகவே குறைந்தது. பத்தடிக் கடைகள் ஒன்றரை அங்குலம் ஒடுங்கின, மூன்றடிக் கதவுகள் நிலையில் சிக்கிக்கொண்டன, கைப்பிடிச் சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் பாலம் சின்னதானது, பதினொன்று இருபதுக்கு வரவேண்டிய பஸ் பதினொன்று இருபதுக்கே வந்தது, இதைத்தான் ஊர் முதலில் கவனித்தது, ஏனென்றால் அது அப்படி ஒருநாளும் வந்ததில்லை. கமாலுதீனின் பக்கத்துக் கடையில் இரண்டு தையல் மெஷின்களையும் ஒரு வெட்டு மேஜையையும் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு நெருக்கிப் போட்டிருந்த டெய்லர் ஞானமுத்து, காலர் வைத்துக்கொண்டிருந்த சட்டையும் கையுமாக இரண்டு மெஷின்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்.

"வே பாய், அங்க என்னவே பண்ணினீரு?" என்று உள்ளிருந்தபடியே சத்தம் போட்டார்.

"நான் என்ன பண்ணினேன்? வீல் மாட்டினேன்."

"அதைக் கழத்தும் முதல்ல."

கமாலுதீன் முனகிக்கொண்டே புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார், ஞானமுத்து வெளியே வந்தார், தமயந்தி மறுபடியும் புதியதை மாட்டச் சொன்னார், ஞானமுத்துவின் கடை மறுபடியும் ஒடுங்கியது, அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் டீக்கடையில் நின்றவர்களும் சேர்ந்துவிட்டார்கள், அவர்களுக்குக் காட்டுவதற்காக இன்னும் இரண்டு தடவை மாற்றி மாட்ட வேண்டியிருந்தது. ஒரு சக்கரத்தை இத்தனை தடவை கழற்றி மாட்டினால் நட்டின் மரை போய்விடும் என்று கமாலுதீன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஊர் அதிக நேரம் செலவழிக்கவில்லை. அந்தச் சைக்கிள், நெடுஞ்சாலை அலுவலகம் ஒன்றின் ஏலத்தில், உடைந்த நாற்காலிகளோடும் துருப்பிடித்த தார் டிரம்களோடும் சேர்த்துத் தமயந்தி எடுத்தது. ஐம்பதுகளில் ஓவர்சியர் ஒருவர் அதன் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்தி, ஒட்டம்பட்டி வரைக்கும் மிதித்துக்கொண்டே போய், இந்தச் சாலை இத்தனை சுற்று என்று அளந்திருக்கிறார். சாலை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து அந்தச் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் எந்தச் சக்கரம் இருக்கிறதோ அந்தச் சக்கரத்துக்கு அத்தனை சுற்று நீளத்துக்குக் கிடந்து வந்திருக்கிறது. சக்கரம் சின்னதானால் சாலையும் சின்னதாகத்தானே வேண்டும் என்று டீக்கடையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தாலுகாவிலிருந்து வந்த சர்வேயர் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, வெயில் காலத்தில் இரும்பு நீளும் என்று ஏதோ சொல்லி, கதவு திறக்காத ஹோட்டலில் ஜன்னல் வழியாகப் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

தமயந்திக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி ஊர் பேசி முடித்து வெகுகாலமாகியிருந்தது. மாடுகளுக்கு ஊசி போட்டும் கோழிகளுக்குச் சொட்டு மருந்து விட்டும் கழிந்த வருடங்களில் அவர் நீண்ட லீவு கேட்டபோதெல்லாம் கோமாரி நோய் வந்தது, கோமாரி இல்லாத வருடம் தேர்தல் வந்தது. இந்த முறை மார்ச் முதல் தேதியிலிருந்து நாற்பது நாள் லீவு கிடைத்திருந்தது. மலைப்பாதை வழியாக மேற்கே இறங்கி, கேரளக் கடற்கரையைப் பிடித்து, கடலை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு வடக்கே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் சைக்கிளில் போவது என்பதுதான் அவர் வெகுகாலமாக வைத்திருந்த ஒரே ஆசை, அதற்காகத்தான் இந்த மராமத்து. பழைய இருபத்தேழு அங்குலச் சக்கரத்துக்கு டயர் எங்கும் கிடைக்கவில்லை, இருந்த டயர் காய்ந்த வயலைப்போல வெடித்திருந்தது, இரும்பு ரிம் நனைந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. ஆகவே கோயம்புத்தூரிலிருந்து அலுமினிய ரிம் போட்ட ஒரு ஜோடி சக்கரம் வந்தது. அது விட்டத்தில் பழையதைவிட அரை விரற்கடை குறைவு, அதனால் பழைய பிரேக்கின் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரில் உரசியது, அதனால் நீளக் கை வைத்த பிரேக் வந்தது, பின்சக்கரத்தின் நடு ஹப் அகலமாக இருந்ததால் கமாலுதீன் ஒரு மரைக்கம்பியைக் குறுக்கே வைத்து நட்டைத் திருகித் திருகிப் பின்பக்கச் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டினார். இரண்டு வார வேலை. கடைசியாக முன்சக்கரம்.

அடுத்த வாரத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டதுதான் தமயந்திக்கு எரிச்சலாக இருந்தது. அதிசயம் என்று நாலு பேர் பயந்திருந்தால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் சைக்கிள் கமாலுதீன் கடையில் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்க, ஆளாளுக்குத் தங்கள் தேவைக்குச் சக்கரத்தை மாற்றச் சொல்லி வர ஆரம்பித்தார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் முகூர்த்த நாட்களில் பெரியதையே வைக்கச் சொன்னார், பந்தியில் ஒரு வரிசை கூடுதலாகப் போடலாம் என்று. பால் வேன்காரர் அதிகாலையில் சின்னதை வைக்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் டிரைவர் போன் செய்து, "பாய், பிரசவக் கேஸு, சின்னதை மாட்டுங்க" என்பார், இருநூற்றைம்பது மீட்டரில் என்ன மிச்சமாகும் என்று கேட்பதற்குக் கமாலுதீனுக்கு வாய் வரவில்லை, பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் யார் கேட்பார்கள், அவர் சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து மாட்டுவார், உடனே நான்கு கடை தள்ளி யாராவது கதவுக்குள் மாட்டிக்கொண்டு அவருடைய வாப்பாவை இழுத்துத் திட்டுவார்கள்.

கட்சிகள் தானாக உண்டாயின. பஸ் முதலாளி, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், முட்டுவலிக்காரர்கள் எல்லாம் சின்னச் சக்கரம். கடைக்காரர்கள், வீட்டுக்காரர்கள், சாலையோரம் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் பெரிய சக்கரம். வீரபாகு என்ற மனை வியாபாரி பெரிய சக்கரத்தோடும் திருப்தியடையாமல், தன் தோப்பில் கிடந்த மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் சாய்த்து வைத்தார்.

"இதை மாட்டிப் பாரும் பாய். நம்ம பிளாட்டெல்லாம் ரெட்டிப்பு ஆயிரும்லா."

"எதுல மாட்ட? உம்ம கழுத்துலயா?"

"வெல்டிங் வச்சு எதையாவது பண்ணும்வே. தொழில்காரன்தானே நீரு."

"அண்ணாச்சி," என்றார் மாட்டாஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த தமயந்தி, "அது என் சைக்கிள்."

"யாரு இல்லேன்னா? உன் சைக்கிள்தான். ரோடு யாரோடது? ரோடு ஊரோடதுல்லா?"

இந்தக் கேள்வி எல்லோருக்கும் பிடித்துப்போய், ஊர் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, இருபத்தைந்தாம் தேதி பேரூராட்சித் தலைவி சொர்ணத்தாய் கூட்டம் போடும் அளவுக்கு வந்தது. பேரூராட்சி அலுவலகத்தின் கதவு சிக்கிக்கிடந்ததால் கூட்டம் சாலையை விட்டுத் தள்ளியிருந்த பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. தமயந்தியின் லீவு தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. சைக்கிள் ஊரை விட்டுப் போகலாமா கூடாதா என்பதுதான் பேச்சு, ஆனால் அதைத் தவிர எல்லாம் பேசப்பட்டது.

கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து, சின்னச் சக்கரம் என்று முடிவான பிறகு இன்னும் சின்னதாகவே போடலாமே, குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியின் சக்கரத்தை மாட்டினால் ரயில் நிலையம் தெருமுனைக்கு வந்துவிடுமே என்றான். "வரும்," என்றார் கமாலுதீன், "ஊரு பூரா ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காந்து ரயிலைப் பாக்கலாம்." ஞானமுத்து, தன் இரண்டாவது மெஷினை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டதில் சம்சாரம் மூன்று நாளாகப் பேசவில்லை என்றார். அது நல்லதுதானே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சொர்ணத்தாய் களைத்துப்போய்த் தமயந்தியின் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பழைய சக்கரத்தையே மாட்டிட்டுப் போயேன். உனக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"அதுக்கு டயர் இல்லக்கா. இரும்பு ரிம், மழை பெஞ்சா பிரேக் நிக்காது. போன ஐப்பசியில மலையில இறங்கி, அன்னாசிப்பழக் கடைக்குள்ள போயித்தான் நின்னேன். உங்க தம்பி கடைதானே, கேட்டுப் பாருங்க."

"மெதுவாப் போ."

"இறக்கத்துல எப்படிக்கா மெதுவாப் போறது? அதுக்குத்தானே பிரேக்கு."

"அப்ப பஸ்ஸுல போ," என்றார் வீரபாகு. "மங்களூருக்கு ஏசி பஸ்ஸே இருக்கு. படுத்துக்கிட்டே போலாம். நீ பாட்டுக்கு சைக்கிளைக் கேரளாவுக்குக் கொண்டுபோவே, அங்க ஒருத்தன் வேற வீலை மாட்டிருவான், இங்க நாங்க என்ன ஆனோம்னே தெரியாம செவுத்துக்கு நடுவுல கிடப்போம்."

பேசிப் பயனில்லாத இடத்தில் பேசாமலிருப்பது தமயந்திக்கு மாடுகளோடு பழகியதில் வந்தது. மறு ஏற்பாடு வரும்வரை சைக்கிள் ஊர்ப் பொதுவில் இருக்கும், கமாலுதீன் கடையில் சங்கிலி போட்டு நிறுத்தப்படும், சாவி தலைவியிடம் இருக்கும், எந்தெந்த நாளில் எந்தச் சக்கரம் என்பதை முகூர்த்தத்தையும் பரீட்சையையும் பார்த்து முடிவு செய்யலாம் என்று தீர்மானமானது. மறு ஏற்பாடு எப்போது என்று யாரும் சொல்லவில்லை, ஊர்ப் பொதுவுக்குப் போன எந்தப் பொருளுக்கும் அங்கே மறு ஏற்பாடு வந்ததில்லை.

மார்ச் முதல் தேதி காலையில் தமயந்தி கமாலுதீன் கடைக்கு வந்தார். பரீட்சை நாள் என்பதால் சின்னச் சக்கரம் மாட்டியிருந்தது. வழக்கம்போல் வாசலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், வீரபாகு தன் மாட்டுவண்டிச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், சொர்ணத்தாய் முதியோர் பென்ஷன் விஷயமாக அந்தப் பக்கம் வந்தவர் நின்றிருந்தார்.

"பாய், வண்டிக்கு வேலை முடிஞ்சிட்டா?" என்றார் தமயந்தி.

"முடிஞ்சிட்டு."

"டிரையல் பாக்கலையே."

கமாலுதீன் அவரைப் பார்த்தார், பிறகு வாசலில் இருந்தவர்களைப் பார்த்தார். சிலம்பாறையில் எந்தக் கடையிலும் பிரேக் மாட்டிய வண்டியை டிரையல் பார்க்காமல் விட்டதில்லை. பஞ்சர் ஒட்டிய வண்டியைக்கூடப் பாலம் வரை ஒரு மிதி மிதித்துவிட்டு வந்து, கொஞ்சம் தலையைச் சாய்த்து யோசித்து, ஏதோ ஒரு குறை சொல்லி, அந்தக் குறையைக் கடைக்காரர் இல்லையென்று சொல்லி, அதன்பிறகே வண்டி கைமாறும். தகராறில் இருக்கும் வண்டி, அடகு வண்டி, செத்துப்போனவர் வண்டி என்று எதற்கும் இதில் விலக்கு கிடையாது, டிரையல் கேட்டவருக்கு இல்லை என்று சொன்னவரும் கிடையாது. அங்கிருந்த அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து டிரையல் பார்த்து வளர்ந்தவர்கள்.

"அதுவும் சரிதான்," என்றார் சொர்ணத்தாய், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தபடி. "பிரேக் பிடிக்குதான்னு பாக்காம எப்படி நிறுத்தி வைக்கது? நாளைக்கு ஊருக்குத்தானே கெட்ட பேரு."

"சும்மா ஓட்டினா தெரியாது," என்றார் கமாலுதீன், யாரையும் பார்க்காமல். "இது டூரிங் வண்டி. லோடு போட்டுத்தான் பிரேக்கைப் பாக்கணும். லோடோட நின்னாத்தான் பிரேக்கு."

இதுவும் நியாயமாகவே பட்டது. தமயந்தி வீட்டுக்குப் போய் லோடு கொண்டுவந்தார். உடுப்பு, ஸ்டவ், போர்வை, கூடாரத் துணி, காற்றடிக்கும் பம்பு, ஸ்பேர் ட்யூப்புகள். எதற்கு இதெல்லாம் என்று கேட்ட கல்லூரிப் பையனுக்கு, கல்லைக் கட்டினால் பை கிழிந்துவிடும் என்று ஞானமுத்துவே பதில் சொன்னார், அந்தத் தார்ப்பாய்ப் பைகளைத் தைத்தவர் அவர்தான், ஆகவே பின்பக்கக் கேரியரின் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கிறதா என்று அவரே தூக்கிப் பார்த்து, வாரை இழுத்துக் கட்டினார். பிறகு எந்தத் திசையில் போவது என்று பேச்சு வந்தது. ஒட்டம்பட்டிப் பக்கம் சமதரை, அங்கே பிரேக்கைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, மலைப்பாதை இறக்கத்தில் பார்த்தால்தான் உண்டு என்று மூன்று நான்கு பேர் சேர்ந்தே சொன்னார்கள், அதில் ஒருவர் வீரபாகு.

"முன் பிரேக்கை ஒரேயடியா அழுத்தாத தங்கச்சி," என்றார் கமாலுதீன். "பின்னது முதல்ல."

"சரி பாய்."

தமயந்தி ஏறி மிதித்தார். மேற்குப் பக்கம் வளைவில் அவர் மறைந்ததை எல்லோரும் பார்த்தார்கள், அந்த வளைவுக்குப் பிறகு இறக்கம்தான். பத்து மணிக்கு சொர்ணத்தாய் இன்னும் வரவில்லையா என்றார், பன்னிரண்டுக்கு வீரபாகு எழுந்து நின்றார், சாப்பாட்டு நேரம் கழிந்ததும் எல்லோரும் கமாலுதீனைச் சுற்றி நின்றார்கள்.

"டிரையலுக்கு இவ்வளவு நேரமாவே?"

"பிரேக்கு இறக்கத்துலதானே தெரியும். இறக்கம் இன்னும் முடியல போல."

போலீஸுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள், போய், ஒரு பெண் தன்னுடைய சைக்கிளில் தன்னுடைய லீவில் போய்விட்டார் என்று சொல்லும்போதே அவர்களுக்குப் பேச்சு குழறியது. ஒரு தச்சர் வந்து சாலையோரக் கதவுகளை வரிசையாக இழைத்துக்கொண்டு போனார்.

தமயந்தியின் முன் டயரில் முதல் பஞ்சர் நான்காம் நாள் மதியம் நடந்தது. பத்தடிக் கடைகள் ஒரேயடியாக ஒரு சாண் போல ஒடுங்க, நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடுச்சாலைக்கு ஓடிவந்து நின்றார்கள். காற்றுப் போனால் சக்கரம் சின்னதுதானே என்று கமாலுதீன்தான் சொன்னார். அவர் தன் கடைக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டு, ட்யூப்பை வெளியே எடுத்திருப்பா, இப்ப ஓட்டையைத் தேடுவா, இப்ப தேய்ப்பா, இப்ப சொல்யூஷன் காயணும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க, ஊர் முழுவதும் அவரைச் சுற்றி நின்று கேட்டது. கடைசியில் ஞானமுத்து கடையின் ஷட்டர் லேசாகக் கிறீச்சிட்டது, பிறகு பம்பின் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு இழையாகக் கடைகள் அகன்றன. "அடிக்கா," என்றார் கமாலுதீன். "இன்னும் அடிக்கணும். காத்துப் பத்தாது." சாலை கொஞ்சம் நின்று, மறுபடியும் நீண்டது.

அதற்கும் பழகிவிட்டார்கள், எரிச்சலோடு. சாப்பிட உட்காரும்போது கதவு முனகினால் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். டயர் தேயத் தேயச் சாலை மயிரிழை மயிரிழையாகக் குறைந்ததை, தச்சர் எத்தனாவது தடவையாக வந்திருக்கிறார் என்பதை வைத்துச் சொன்னார்கள். ஒருநாள் சாயங்காலம் கடைகள் தேவைக்கு மேல் அகன்று நின்றபோது, இவ்வளவு காற்றை இந்த வெயிலில் எதற்கு அடிக்கிறாள், டயர் வெடிக்கவா என்று சொர்ணத்தாய் கமாலுதீனிடம் வந்து சண்டை போட்டார். தொடர்ந்து மூன்று நாள் கதவுகள் அசையாமல் இருந்ததில் யாருக்கும் நிம்மதியில்லை, தமயந்திக்குக் காய்ச்சலாக இருக்குமோ என்று வீரபாகுவின் மனைவி கேட்டதாகச் சொன்னார்கள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதியோடு லீவு முடிந்தது. சைக்கிள் வந்து சேர்ந்ததும் கைப்பற்றுவதற்குப் பேரூராட்சியில் புதுச் சங்கிலி வாங்கியிருந்தார்கள். பத்தாம் தேதி காலையில் அவர் வரவில்லை, கமாலுதீனின் போன் அடித்தது. வாசலில் நின்றவர்கள் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள்.

"பாய், பிரேக் கட்டை ரெண்டு ஜோடி கொரியர்ல அனுப்புவீங்களா? கோகர்ணத்துக்கு. தேஞ்சு போச்சு."

"எப்படிப் பிடிக்கி?"

"நல்லா நிக்குது பாய். எல்லா இறக்கத்துலயும் நின்னு நின்னு பாத்துட்டுத்தான் இறங்கினேன்."

"லீவு முடிஞ்சிட்டேம்மா."

"தெரியும். விருப்ப ஓய்வு கேட்டு எழுதிப் போட்டுட்டேன். இன்னும் மேல போகப் போறேன்."

வீரபாகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, உரக்கப் பேசினார், வெளியூரில் இருப்பவர்களிடம் எல்லோரும் பேசுவதுபோல.

"ஏம்மா தமயந்தி, முன் டயர் தேஞ்சு கிடக்கு. இங்க வாசல்ல இடிக்கி. அங்கனயே நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டு."

"பாக்கேன் அண்ணாச்சி," என்றார் தமயந்தி. போன் வைக்கப்பட்டது. கமாலுதீன் பிரேக் கட்டைகளை எடுத்துப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். ஞானமுத்து அதன்மேல் ஒரு துணியைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார்.

2018 ஜூலை ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, சிலம்பாறை மாட்டாஸ்பத்திரியில் புதுக் கம்பவுண்டர் வேலையில் சேர்ந்தார்.